லீஸ்டு லைனா, இரண்டு பிராட்பேண்டா? திருப்பூர் ஆபீசுக்கு எந்த லைன் எடுக்கலாம்?

பின்னலாடை_திருப்பூர்

வணக்கம். பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். காங்கயம் ரோட்டில் ஆபீஸ், பெருமாநல்லூர் பக்கம் தையல் யூனிட். ஆபீசில் 25 கம்ப்யூட்டர், ஈஆர்பி (உற்பத்தி, கணக்கு எல்லாம் பார்க்கும் கம்பெனி மென்பொருள்) சர்வரும் இங்கேதான். யூனிட்டில் ஆறேழு பேர் இந்த சர்வருக்குள் வந்துதான் உற்பத்திக் கணக்கு போடுகிறார்கள்.

போனுக்கு நான்கு காப்பர் லைன், ஹன்டிங் போட்டு (ஒன்று பிசியானால் கால் அடுத்த லைனுக்குப் போகும்), ஆபீஸ் போன்களை இணைக்கும் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டியில் ஓடுகிறது. டேட்டாவுக்கு ஒரு ஃபைபர், முதலாளி பெயரில் எடுத்த வீட்டு பிளான். இப்போது எக்ஸ்சேஞ்சில் காப்பரை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாறச் சொல்கிறார்கள். இந்தச் சாக்கில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று முதலாளி சம்மதித்திருக்கிறார்.

கொட்டேஷன் வாங்கினேன். 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனுக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல், ஜிஎஸ்டி தனி. 200 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் மாதம் ஆயிரம் சொச்சம். வேகம் நான்கில் ஒரு பங்கு, விலை பத்து மடங்குக்கு மேல். முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. உண்மையில் என்ன வித்தியாசம்?

சும்மா_படிப்பவன்

வித்தியாசம், சேல்ஸ்மேன் டை கட்டிக்கொண்டு வருவார்.

ரவுட்டர்_கோவை

மேலே சொன்னது பாதி உண்மைதான். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

உங்கள் தெருவுக்கு வரும் பிராட்பேண்ட் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு ஃபைபர் கிளம்பி, வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 ஆகப் பிரிகிறது. மொத்தத்துக்கும் சேர்த்து டவுன்லோட் 2.488 ஜிபிபிஎஸ், அப்லோட் 1.244 ஜிபிபிஎஸ். 64 பேரும் ஒரே நேரத்தில் முழுவதாக இழுத்தால் ஒருவருக்கு டவுன்லோட் 39 எம்பிபிஎஸ், அப்லோட் 19 அளவுதான் வரும். அப்படி எல்லோரும் ஒன்றாக இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 200 என்று எழுதி ஆயிரம் ரூபாய்க்குத் தருகிறார்கள். அந்த நம்பிக்கை முக்கால்வாசி நேரம் பலிக்கவும் செய்கிறது. ஸ்ப்ளிட்டரைத் தாண்டி, கம்பெனியின் மேல்நிலை லிங்கிலும் இதே பங்கு போடும் கணக்கு நடக்கும்.

லீஸ்டு லைனில் 50 என்றால் ஏற்றம் 50, இறக்கம் 50, யாருடனும் பங்கு இல்லை. கூடவே நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி), எழுத்துப்பூர்வமான எஸ்எல்ஏ, அதாவது லைன் இவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்ற உத்தரவாதம். நீங்கள் தரும் பணத்தில் பெரும் பகுதி இந்த எஸ்எல்ஏவுக்குத்தான்.

எது வேண்டும் என்று சொல்வதற்கு முன் எனக்குச் சில விவரம் வேண்டும். ஒரு நாளில் வெளியே போவது எவ்வளவு, எந்த நேரத்தில்? கேமரா உண்டா, அதை வெளியிலிருந்து யார் பார்க்கிறார்கள்? நெட் இரண்டு மணி நேரம் நின்றால் எந்த வேலை நிற்கும்? உங்கள் ரவுட்டரில் டிராஃபிக் கிராஃப் இருந்தால் ஒரு வாரத்துக்கு எடுத்துப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_ஜேடிஓ

ரவுட்டர் தம்பி சரியாகக் கேட்டிருக்கிறார். நான் தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் இருந்தவன், பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன்.

காப்பர் காலத்து லீஸ்டு லைன் என்றால் 64 கேபிபிஎஸ். அதற்கே இரண்டு ஜோடி வயர், இரு முனையிலும் மோடம். ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் போன் லைன் வாங்கியவர்கள் 64-ஐ இரண்டாகச் சேர்த்து 128 ஓட்டினால் அது பெரிய விஷயம். 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது குறைந்த பிளான் 256 கேபிபிஎஸ். 2004-ஆம் ஆண்டு கொள்கைப்படி அதற்குப் பெயர் பிராட்பேண்ட். ஏடிஎஸ்எல், அதாவது காப்பர் போன் வயரிலேயே வரும் பிராட்பேண்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போகச் செத்துக்கொண்டே வரும். 5 கிலோமீட்டர் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அன்றைக்கு லைன் தேர்ந்தெடுப்பது என்றால் முதல் கேள்வி, எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம் என்பதுதான்.

ஃபைபரில் அந்தத் தலைவலி போய்விட்டது. ஜிபான் 20 கிலோமீட்டர் வரை தாங்கும். இன்றைக்கு முதல் கேள்வி வேறு: கேபிள் எந்த வழியாக வருகிறது, அறுந்தால் யார் வருவார், எப்போது வருவார். இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள், நீங்கள்தான் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. காப்பர் போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து வந்தது, 48 வோல்ட். ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். ஃபைபரில் கண்ணாடி இழைக்குள் கரண்ட் வராது. உங்கள் ஓஎன்டிக்கு (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) கரண்ட் இல்லையென்றால் நெட்டும் இல்லை, போனும் இல்லை. நான்கு லைனையும் மாற்றும் முன் ஓஎன்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றுக்கும் யூபிஎஸ் போடுங்கள். பல ஆபீசில் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கும், சுவரில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் நேரடி லைனில் இருக்கும். தீ அலாரம் டயலர் ஏதாவது காப்பரில் மாட்டியிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாய_ஆலை_பெருந்துறை

நான் லீஸ்டு லைன் ஆதரவாளனாக இருந்தவன். ஒரு கம்பெனியிடம் மூன்று வருட ஒப்பந்தம் போட்டோம், பெயரைச் சொல்லவில்லை. பேக்கப் வேண்டும் என்று இன்னொரு கம்பெனியிடம் பிராட்பேண்டும் எடுத்தோம். ரோடு அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தது. விசாரித்தால், லீஸ்டு லைன்காரரின் கடைசி ஒரு கிலோமீட்டர் அந்த பிராட்பேண்ட்காரரின் கேபிளில்தான் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. பில் இரண்டு, கேபிள் ஒன்று!

எஸ்எல்ஏ இருக்கிறதே என்று கிளெயிம் செய்தோம். அந்த மாத வாடகையில் கொஞ்சம் கழித்தார்கள். ஒரு ஷிப்டுக்குச் சம்பளம் கொடுத்து ஆட்களை உட்கார வைத்த கணக்கை யாரிடம் கேட்பது?

ரவுட்டர்_கோவை

எஸ்எல்ஏ கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 99.5 சதவீதம் என்று பார்க்கும்போது கிட்டத்தட்ட நூறு மாதிரி தோன்றும். 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம், அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். அவ்வளவு நேரம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. 99.9 என்றால் 43 நிமிடம். அதுவும் மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று பாருங்கள். ஆண்டுக் கணக்கில் 99.5 என்றால் ஒரே தடவையில் 43 மணி நேரம் படுத்தாலும் ஒப்பந்தப்படி சரி.

கிளவுட்_சென்னை

இங்கே எல்லோரும் லீஸ்டு லைனைத் திட்டுவது போல இருக்கிறது. நான் மறுக்கிறேன். வர்தா புயலின்போது, 2016 டிசம்பரில், சென்னையில் கம்பத்தில் தொங்கிய கேபிள் எல்லாம் மரத்தோடு கீழே விழுந்தது. எங்கள் ஆபீசில் தரைக்கடியில் வந்த லீஸ்டு லைன் முதலில் எழுந்தது. அதே கட்டடத்தில் பிராட்பேண்ட் மட்டும் வைத்திருந்தவர்கள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பழுது பார்க்க ஆள் குறைவாக இருக்கும்போது யாருடைய புகார் முதலில் எடுக்கப்படும்? அந்த வரிசைக்குத்தான் காசு.

ஃபேர் யூசேஜ் என்ற மாத டேட்டா வரம்பையும் மறக்க வேண்டாம். வீட்டு பிளானில் பலவற்றில் மாதம் 3.3 டிபி தாண்டினால் வேகம் இறங்கும். பிளான் விதிகளில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற வரியும் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

கணக்கு_அக்கா

ஈரோட்டில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வேலை எனக்கு. நெட்வொர்க் தெரியாது, ஆனால் இதில் கணக்கு உண்டு.

முதலாளி பெயரில் வீட்டு பிளான் எடுத்தால் கம்பெனி ஜிஎஸ்டி எண் பில்லில் வராது. 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது. கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்குங்கள். லீஸ்டு லைனையும் பிராட்பேண்டையும் ஒப்பிடும்போது வரியைத் தள்ளிவிட்டு ஒப்பிடுங்கள் தம்பி, அப்போது எண்கள் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

நெட் நின்றால் முதலில் என்ன நிற்கும் என்று கேட்டார்களே. என்னைக் கேட்டால் லாரி. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசு போர்ட்டலில் பதிவு செய்த பில்) கட்டாயம். இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோகும் ஆன்லைன் சீட்டு, இல்லாமல் சரக்கு வெளியே போகக் கூடாது. டிரைவர் வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார். ஆனால் இதற்கெல்லாம் போகும் டேட்டா சொற்பம், போன் ஹாட்ஸ்பாட்டே போதும். பதிவு செய்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் வழியாகக்கூட இ-வே பில் போடலாம். இதற்காக ஒன்றரை லட்சம் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரிட்டர்னுக்குக் கடைசி நாளான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி போர்ட்டல் தொங்கினால் அதற்கு எந்த லைனும் பொறுப்பில்லை!

பின்னலாடை_திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. கேட்ட விவரம் இதோ.

ஒரு வாரம் கிராஃப் எடுத்தேன். பகலில் டவுன்லோட் 40 எம்பிபிஎஸைத் தாண்டவே இல்லை. 200 எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அப்லோட்தான் சிக்கல். மாலை ஐந்து மணிக்கு மேல் டிசைன் ஃபைல், போட்டோ ஷூட் எல்லாம் சரக்கு வாங்கும் பையருக்குப் போகிறது, ஒரு செட் 4 ஜிபி வரும். அதே நேரத்தில் யூனிட்டில் அன்றைய உற்பத்திக் கணக்கு ஏற்றுகிறார்கள், அவர்களுக்கு ஸ்கிரீன் உறைந்துபோகிறது. இப்போதைய பிளானில் அப்லோட் 20 தான் என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

கேமரா 16. முதலாளி வீட்டிலிருந்து டிவியில் பதினாறையும் சேர்த்துப் பார்ப்பார். சாயங்காலம்தான்.

ரவுட்டர்_கோவை

அங்கேயே பாதி விடை வந்துவிட்டது. ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் 16-க்கு 32. உங்களிடம் இருப்பதோ 20. பையருக்குப் போகும் ஃபைல், முதலாளியின் டிவி, யூனிட்டின் ஈஆர்பி மூன்றும் அந்த 20-க்குள் முட்டிக்கொள்கின்றன. 4 ஜிபி ஃபைல் தனியாகப் போனாலே 20 எம்பிபிஎஸில் சுமார் 27 நிமிடம். ஏற்றமும் இறக்கமும் சமமான 100 எம்பிபிஎஸ் பிளானில் ஐந்தரை நிமிடம்.

கேமராவை சப்-ஸ்ட்ரீமுக்கு (தரம் குறைத்து அனுப்பும் படம்) மாற்றுங்கள். சின்னக் கட்டத்தில் பதினாறு படம் பார்க்க முழுத் தரம் தேவையில்லை, ரெக்கார்டிங் என்விஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) முழுத் தரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கும். ஈஆர்பிக்கும் போனுக்கும் ரவுட்டரில் முன்னுரிமை வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, மதியம் ஒரு மணி நேர வேலை.

யூனிட் ஆட்கள் சர்வருக்குள் எப்படி வருகிறார்கள்? ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடுங்கள். ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழையும் முக்கிய வாசல் அதுதான்.

பின்னலாடை_திருப்பூர்

திறந்துதான் இருந்தது. மூடிவிட்டேன். இப்போது யூனிட்டில் கத்துகிறார்கள்.

ரவுட்டர்_கோவை

கத்தட்டும். விபிஎன், அதாவது இரண்டு இடத்துக்கும் நடுவே பூட்டிய தனி வழி, போட்டுவிடலாம்; வயர்கார்டு என்ற இலவச மென்பொருள் போதும். அதற்குள்ளேயும் ரிமோட் டெஸ்க்டாப்பையே வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா ஃபைலை விபிஎன் வழியாக நேரடியாகத் திறக்க விட்டால் ஒவ்வொரு வரிக்கும் போய் வந்து போய் வந்து, எந்த வேகத்திலும் இழுக்கும்.

இங்கே ஐபி விஷயம் வருகிறது. சாதாரண பிராட்பேண்டில் பல கம்பெனிகள் பொது ஐபி தருவதில்லை. ரவுட்டரின் வேன் (வெளி லைன்) பக்கத்து ஐபி 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பலருக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி தரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. சிம் ரவுட்டரும் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே நிலையான ஐபி கூடுதல் காசுக்குக் கேட்டு வாங்குங்கள், ஆபீசுக்கு மட்டுமல்ல, யூனிட்டுக்கும். காரணம் சொல்கிறேன். ஆபீஸ் மெயின் லைன் போய் சிம்முக்கு மாறினால் ஆபீஸ் சிஜிநாட்டுக்குள் போய்விடும். அப்போது யூனிட் பக்கம் ஐபி இருந்தால் ஆபீஸ் ரவுட்டரே அங்கே கூப்பிட்டு இணைந்துகொள்ளும். இரு பக்கமும் கூப்பிடும்படி அமைத்துவிட்டால் எது படுத்தாலும் ஒரு பக்கம் வழி இருக்கும்.

கிளவுட்_சென்னை

சர்வரையே வாடகை டேட்டா சென்டருக்குக் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பின்னலாடை_திருப்பூர்

முதலாளி சர்வரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பவர். அந்தப் பேச்சை அடுத்த வருடம் எடுக்கிறேன்.

ஆபீஸுக்கும் யூனிட்டுக்கும் நடுவே நேரடியாக ரேடியோ லிங்க் போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். மாத வாடகையே இல்லையாம்.

ஓய்வுபெற்ற_ஜேடிஓ

தூரம் 12 கிலோமீட்டர் என்று வைத்தால், 5.5 கிகாஹெர்ட்ஸில் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி சுமார் 13 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும், அதில் பெரும்பகுதியாவது காலியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் உயரமான டவர் போட வேண்டி வரும். இன்றைக்குத் தெரிந்தாலும் நடுவில் யாராவது நான்கு மாடி எழுப்பினால் போச்சு. இரண்டு மூன்று கிலோமீட்டர் என்றால் நானே போடுங்கள் என்பேன். இது வேண்டாம்.

போன் பற்றி யாரும் பேசவில்லையே. நான்கு ஹன்டிங் லைனுக்கு பிஆர்ஐ எடுக்காதீர்கள், அது 30 சேனல் உள்ள டிஜிட்டல் போன் லைன், உங்களுக்கு அதிகம். எஸ்ஐபி டிரங்க், அதாவது டேட்டா லைன் வழியாக வரும் போன் லைன், உரிமம் பெற்ற தொலைபேசிக் கம்பெனியிடமே எடுங்கள். குறைந்த விலைக்கு வெளிநாட்டுக் கால் என்று வருபவர்களிடம் போனால் சட்டச் சிக்கல். டேட்டாவைப் பொறுத்தவரை ஒரு காலுக்கு ஒவ்வொரு திசையிலும் 90 கேபிபிஎஸுக்குள்தான். பத்துப் பேர் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் வராது. வேகம் அங்கே பிரச்சினை இல்லை, பாக்கெட் சீராக வர வேண்டும். கேமரா அப்லோடை அடக்காமல் எஸ்ஐபிக்குப் போனால் பையர் பேசுவது கட்கட்டென்று வெட்டிக் கேட்கும்.

அப்புறம் ஃபைபர் மாட்ட வரும் பையனை உடனே அனுப்பிவிடாதீர்கள். கையில் பவர் மீட்டர் வைத்திருப்பார். ஓஎன்டிக்கு வரும் முனையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 டிபிஎம் என்றால் அதுதான் விளிம்பு, இன்றைக்குப் பச்சை விளக்கு எரியும், ஒரு ஜாயின்ட் பழசானதும் சிவப்பு சிமிட்ட ஆரம்பிக்கும். அளந்த எண்ணையும் தேதியையும் மார்க்கரால் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பின்னால் லைன் தொங்கும்போது எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று சொல்வார்கள். அப்போது மறுபடி அளந்து அந்த எண்ணைக் காட்டினால் பேச்சு சட்டென்று மாறும்.

சாய_ஆலை_பெருந்துறை

ஜேடிஓ ஐயா, இந்த ஜேசிபிக்கு ஏதாவது வழி உண்டா?

ஓய்வுபெற்ற_ஜேடிஓ

தோண்டுமுன் கேபிள் உரிமையாளருக்குச் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலி கொண்டுவந்தது, கால் பிஃபோர் யூ டிக் என்று. ஜேசிபி ஓட்டுபவர் அதைத் திறந்து பார்ப்பார் என்று நம்பி நான் பேக்கப்பை விட மாட்டேன்.

பின்னலாடை_திருப்பூர்

முடிவு எடுத்தாகிவிட்டது. லீஸ்டு லைன் இப்போதைக்கு இல்லை. ஆபீசுக்கு ஏற்றமும் இறக்கமும் 100 என்ற பிசினஸ் பிளான், நிலையான ஐபியோடு, கம்பெனி பெயரில். இரண்டாவதாக வேறு கம்பெனியின் சின்ன பிளான் ஒன்று, அப்புறம் சிம் ரவுட்டர். யூனிட்டிலும் ஐபியோடு ஒரு லைன். எல்லாம் சேர்த்தும் லீஸ்டு லைன் கொட்டேஷனில் பாதியைத் தொடவில்லை. கிளவுட் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா சொன்னபடி வாசலில் நின்று பார்த்தேன். இரண்டாவது கம்பெனிக்காரர் முதல் கம்பெனி கேபிள் வரும் அதே கம்பத்திலிருந்து இழுக்கப் போனார். நிறுத்தி, பின்பக்கச் சந்து வழியாக வரச் சொன்னேன். 300 மீட்டர் கூடுதல் கேபிள், காசு தனி என்றார். கொடுத்தேன்.

கிளவுட்_சென்னை

கோபம் இல்லை. நூறு பேர் உட்காரும் ஆபீஸ் ஆனதும் இதே விவாதத்துக்குத் திரும்பி வருவீர்கள். அதுவரை 300 மீட்டர் கேபிள்தான் நல்ல செலவு.

பின்னலாடை_திருப்பூர்

ஞாயிற்றுக்கிழமை ஃபெயில்ஓவர் சோதனை, மெயின் லைன் போனால் பேக்கப்புக்குத் தானாக மாறுகிறதா என்று. மெயின் லைனின் ஓஎன்டியை அணைத்துப் பார்த்தால் போதுமா?

ஓய்வுபெற்ற_ஜேடிஓ

அணைக்காதீர்கள். ஓஎன்டியை அணைத்தால் ரவுட்டருக்கு வரும் லேன் கேபிளும் செத்துவிடும், எந்த ரவுட்டரும் உடனே கண்டுபிடித்து மாறிவிடும். நிஜத்தில் பழுது அப்படி வராது. ஓஎன்டி உயிரோடு இருக்கும், லேன் விளக்கு எரியும், அதற்கு அப்பால்தான் அறுந்திருக்கும். ஆகவே ஓஎன்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பச்சை கனெக்டரை மட்டும் மெதுவாக உருவுங்கள். கண்ணாடி முனையை விரலால் தொட வேண்டாம், மூடி போட்டு வையுங்கள், கேபிளை மடக்கவும் வேண்டாம். ரவுட்டர் வெளியே ஒரு முகவரியை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப்) பார்த்து மாறும்படி அமைத்திருந்தால்தான் மாறும். இல்லையென்றால் செத்த லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ரவுட்டர்_கோவை

வெளி முகவரி ஒன்று போதாது, இரண்டு கொடுங்கள். அந்த ஒரு சர்வர் பிங்குக்குப் பதில் தராமல் போனால் நல்ல லைனை விட்டு ரவுட்டர் சிம்முக்குத் தாவிவிடும். மாறிய பிறகு யூனிட்டிலிருந்து ஒருவரை ஈஆர்பியில் நுழையச் சொல்லுங்கள், ஒரு எஸ்ஐபி கால் செய்யுங்கள். திரும்ப மாட்டியதும் மெயினுக்குத் தானாக வருகிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அங்கேதான் மாட்டும், மாதக் கடைசியில் சிம் டேட்டா தீர்ந்த பிறகுதான் தெரியவரும்.